கடை வாசல் தூண்கள்: எதை நம்பலாம்?

கடை வாசலில் நிற்கும் திருட்டுத் தடுப்புத் தூண்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே ஓடும் இயற்பியல் வேறு வேறு.

முதலில் ரேடியோ வகை. பார்கோடு அச்சிட்ட தட்டையான ஸ்டிக்கரைப் பிரித்துப் பார்த்தால், சதுரச் சுருளாக ஓடும் உலோகக் கோடு தெரியும். அந்தச் சுருளும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து பெரும்பாலும் 8.2 மெகாஹெர்ட்ஸுக்கு இசைந்திருக்கும். தூண் அதைச் சுற்றியுள்ள அதிர்வெண்களில் அலை அனுப்பி, ஸ்டிக்கரின் எதிரொலியைத் தேடுகிறது. மலிவு, மெல்லியது, எதிலும் ஒட்டலாம். ஆனால் பக்கத்தில் உலோகம் இருந்தால் இசைவு கெட்டுவிடும்.

அடுத்தது ஒலிக்காந்த வகை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சற்றே தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒட்டாமல் கிடக்கும் மெல்லிய உலோகப் பட்டை. அதனருகே ஒரு காந்தப் பட்டை. தூண் 58 கிலோஹெர்ட்ஸில் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொள்கிறது. காந்தப்புலத்தில் நீண்டு சுருங்கும் அந்த உலோகப் பட்டையோ, அடித்து விட்ட கோயில் மணி போல, அதன் பிறகும் சில கணம் அதிர்ந்துகொண்டே இருக்கும். தூண் காது கொடுப்பது அந்த இடைவெளியில்தான். தன் சத்தமே தனக்குத் தொல்லையாவதில்லை என்பதால், அகன்ற வாசலுக்கும் இது நன்றாகத் தாங்கும்.

பில் போடும் மேசையில் நடப்பதும் வேறு. ரேடியோ ஸ்டிக்கரில் வலுவான அலை பாய்ச்சி மின்தேக்கியைப் பழுதாக்குவார்கள். அதோடு அதன் ஆயுள் முடிந்தது. ஒலிக்காந்தத்தில் அருகிலுள்ள காந்தப் பட்டையின் வலுவைப் போக்குவார்கள். உலோகப் பட்டையின் அதிர்வெண் 58-ஐ விட்டு விலகிவிடும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால், பணம் கொடுத்தவருக்கும் அலாரம் அடிக்கும். இரண்டு வகையும் சொல்வது 'உயிருள்ள டேக் ஒன்று கடக்கிறது' என்பதை மட்டுமே. எந்தப் பொருள், பணம் கட்டியாயிற்றா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. அலாரம் கேட்டதும் ஆளைக் குற்றவாளியாகப் பார்ப்பது அநியாயம்.

ரேடியோ அலை வழியே பொருளுக்கொரு எண் சொல்லும் சில்லு வகையான ஆர்எஃப்ஐடி இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் தொலைவிலிருந்து படிக்கும் வகைக்குத் தண்ணீரும் உலோகமும் எதிரி.

அப்புறம் நூலகம். அங்கே இவற்றைவிட மின்காந்தப் பட்டையே பொருத்தம். புத்தக முதுகில் நூல் போல ஒளிந்திருக்கும். இரவல் தரும்போது அணைத்து, திரும்பி வந்ததும் மறுபடி உயிர்ப்பிக்கலாம். அதே புத்தகம் நூறு முறை போய் வந்தாலும் அதே பட்டை போதும்.