நோ மோர் ரான்சம்: காசு கட்டுறதுக்கு முன்னாடி இத பாருங்க

ஃபைல் எல்லாம் லாக் ஆகி பிட்காயின் கேட்டு மிரட்டுறாங்களா, முதல்ல நோ மோர் ரான்சம்ங்கற வெப்சைட்டுக்கு போங்க, யூரோபோல் (ஐரோப்பிய யூனியனோட போலீஸ் அமைப்பு), நெதர்லாந்து போலீஸ் எல்லாம் சேர்ந்து 2016ல ஆரம்பிச்சது, முழுக்க இலவசம். லாக் ஆன ஃபைலையும் மிரட்டல் நோட்டையும் ஏத்துனா எந்த ரான்சம்வேர்னு (ஃபைல லாக் பண்ணி காசு கேக்குற வைரஸ்) பாத்து, லாக்க திறக்குற டூல் இருந்தா லிங்க் குடுக்கும். புது வகைகளுக்கு பெரும்பாலும் டூல் இருக்காது, அதான் பெரிய குறை.

ரான்சம்வேர் இவ்ளோ பெருகுனதுக்கு பிட்காயின் மாதிரி கிரிப்டோதான் காரணம்னு சொல்றத நான் பாதிதான் ஒத்துக்குவேன். 1989லயே எய்ட்ஸ் ட்ரோஜன்ங்கற ரான்சம்வேர் ஃப்ளாப்பி டிஸ்க்ல வந்து 189 டாலர பனாமா தபால் பெட்டிக்கு அனுப்ப சொல்லுச்சு, ஆனா அப்படி வசூல் பண்றது ரொம்ப கஷ்டம், 2013ல கிரிப்டோலாக்கர்ங்கற ரான்சம்வேர் பிட்காயின் வாங்க ஆரம்பிச்சப்புறம்தான் இது பெரிய தொழிலாச்சு. அதே பிட்காயின ட்ராக் பண்ணிதான் 2021ல கொலோனியல் பைப்லைன்ங்கற அமெரிக்க எரிபொருள் கம்பெனி மிரட்டுனவங்களுக்கு கட்டுன 75 காயின்ல 63.7ஐ எஃப்பிஐ பிடிச்சுது.

என் ரேட்டிங் 4/5, டூல் கிடைக்கலன்னாலும் லாக் ஆன ஃபைல அழிச்சுடாதீங்க, பின்னாடி வரலாம்.