ஓடுவதற்கு வெறுங்காலா, மெல்லிய ஷூவா, மெத்தை ஷூவா?

1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பிய வீரர் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி, மூன்று நிமிடத்துக்கும் மேல் நேரத்தைக் குறைத்து மறுபடியும் வென்றார். ஆகவே வேகத்தை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

மெத்தை ஷூ கண்ணாடித் துண்டு, முள், சுடும் தார் எல்லாவற்றிலிருந்தும் காக்கும். இத்தகைய ஷூக்கள் பலவற்றில் குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அதனால் குதிகாலை முதலில் ஊன்றி ஓடுவது எளிதாகிவிடுகிறது. நுரை தேய்ந்துவிடுவதால் 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டியிருக்கும்.

வெறுங்காலில் குதிகாலை இடித்து ஓடினால் வலிக்கும். அதனால் பலருக்கும் அடி தானாகவே சிறுத்து, முன்பாதமோ நடுப்பாதமோ முதலில் தரையைத் தொடும். சுமை இதனால் மறைந்துவிடாது, இடம் மாறுகிறது: முழங்காலுக்குக் குறைந்து, கெண்டைக்காலுக்கும் அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணுக்கும் பாத எலும்புகளுக்கும் கூடுகிறது. மொத்தத்தில் காயம் குறையும் என்று உறுதி தர மாட்டேன். தசைநாண் வலி ஏற்கெனவே இருப்பவர்கள் இப்போதைக்கு இதைத் தொடவே வேண்டாம்.

என் கட்சி வெறுங்கால்தான். காரணம் ஒன்றே: பழகும் காலம். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். அடிப்பாகம் மெல்லிய ஷூவில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அது உள்ளங்கால் தோலின் எரிச்சலை மறைத்துவிடுவதால், எலும்பு தயாராகும் முன்பே பழைய தூரத்தை ஓடிவிடுகிறோம். விரல்கள் தனித்தனியாக உள்ள மெல்லிய ஷூவுக்கு 10 வாரங்களில் மாறியவர்களை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு ஸ்கேன் செய்து பார்த்தது. வழக்கமான ஷூவில் ஓடியவர்களைவிட அவர்களில் கூடுதலானோருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் வீக்கம் தெரிந்தது. வெறுங்காலில் ஓடினால் தோல் அரை கிலோமீட்டரிலேயே "போதும்" என்று சொல்லிவிடும். அந்தத் தடையை மதித்தால் எலும்புக்கு அவகாசம் கிடைக்கிறது.

முதல் இரண்டு வாரம் தினமும் 20 நிமிடம் வெறுங்காலில் நடந்தால் போதும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் 200 மீட்டர்; கால் களைக்கும் முன், ஓட்டத்தின் தொடக்கத்திலேயே ஓடிவிட்டு, மீதித் தூரத்துக்கு வழக்கமான ஷூவைப் போட்டுக்கொள்ளலாம். வாரத்துக்கு 200 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். புல்தரையைவிடச் சுத்தமான, வழவழப்பான சிமென்ட் தரை நல்லது. புல் முள்ளை மறைக்கும். மெத்தென்று இருப்பதால் தவறான ஊன்றலையும் மன்னித்துவிடும். முன்பாதம் தொட்டபின் குதிகாலும் மெல்லத் தரையில் படட்டும். நுனிக்காலிலேயே ஓடினால் கெண்டைக்கால் அதிகமாக இழுத்துப் பிடிக்கும். நிமிடத்துக்கு 170 முதல் 180 அடி வரை வைக்கலாம். விரல்களுக்குக் கீழே கொப்புளம் வந்தால், காலைப் பின்னுக்கு உந்தித் தரையில் தேய்க்கிறீர்கள் என்று பொருள். உந்தாமல் காலைத் தூக்குங்கள்.

கெண்டைக்கால் வலி இரண்டு மூன்று நாள் இருப்பது சகஜம். பாதத்தின் மேற்புறத்தில் ஒரே புள்ளியை அழுத்தினால் வலிக்கிறதென்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம்.

சரளைக்கல் பாதைக்கு மெல்லிய ஷூ உதவும், ஆனால் சில மாத வெறுங்கால் பழக்கத்துக்குப் பிறகு மட்டும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வெறுங்கால் ஓட்டம் கூடவே கூடாது. தோல் தரும் எச்சரிக்கை அவர்களுக்கு எட்டாது.