புரொஃபைலர் பிளஸ்: தலைவர்களின் வினைச்சொற்களை எண்ணும் மென்பொருள் – ஒரு மதிப்பீடு

ஒரு நாட்டுத் தலைவர் உலகத்தைப் பகையாகப் பார்க்கிறாரா, நட்பாகப் பார்க்கிறாரா? இதை ஊகத்துக்கு விடாமல் எண்ணாகத் தருவதுதான் ‘செயல்நெறிக் குறியீடு’ ஆய்வு. தலைவரின் அரசியல் நம்பிக்கைகளைப் பற்றிய இந்த ஆய்வை 1969-இல் அமெரிக்க அரசியல் அறிஞர் அலெக்ஸாண்டர் ஜார்ஜ் பத்துக் கேள்விகளாக வகுத்தார். 1998-இல் வாக்கர், ஷாஃபர், யங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அவற்றுக்கு வினைச்சொற்களை எண்ணி விடை காணும் முறையை உருவாக்கினார்கள். அந்த எண்ணும் வேலையை புரொஃபைலர் பிளஸ் மென்பொருள் செய்கிறது.

செயப்படுபொருள் கொள்ளும் வினைகளே கணக்கில் வரும். செய்தவர் ‘தான்’ (தலைவர், அவர் நாடு) அல்லது ‘பிறர்’. வினைக்கு ஆறு படிகள்: தண்டிப்பது −3, மிரட்டுவது −2, எதிர்ப்பது −1, ஆதரிப்பது +1, வாக்குறுதி தருவது +2, பலன் தருவது +3.

ஓர் உரையில் பிறர் செய்த வினைகள் 25. நல்லவை (கூட்டல் படிகள்) 15, தீயவை (கழித்தல் படிகள்) 10 என்று வையுங்கள். 60 விழுக்காட்டிலிருந்து 40-ஐக் கழித்தால் உலகப் பார்வை +0.20. தான் செய்தவை 15. நல்லவை 12, தீயவை 3 என்றால் அணுகுமுறை +0.60. அதே உரையில் பிறர் வினைகள் ஐந்தே இருந்தால், ஒரு வினை நல்லதிலிருந்து தீயதாக மாறினாலே பார்வை 0.40 சரிந்துவிடும். அதனால்தான் ஓர் உரைக்குக் குறைந்தது 1,500 சொற்கள் வேண்டும் என்கிறார்கள். அந்த அளவுக்குக் கீழே வரும் மதிப்பெண்ணை நம்பவே கூடாது.

கோட்பாடுகளைச் சோதிக்க இது அருமையான கருவி. நாடுகளிடையே பலம் எப்படிப் பகிர்ந்திருக்கிறது என்பதே அவற்றின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அமைப்புசார் யதார்த்தவாதம். உலகச் சூழல் மாறாமல் ஆட்சித் தலைவர் மட்டும் மாறும்போது மதிப்பெண் தாவினால், அந்த விளக்கம் போதாது என்று தெரிந்துவிடும். தலைவர் மாறாமலே ஒரு பெரிய அதிர்ச்சிக்குப் பின் தாவினால் யதார்த்தவாதிக்கும் இடமுண்டு, தலைவர் அனுபவத்திலிருந்து கற்கிறார் என்பவருக்கும் இடமுண்டு. அங்கே எண் மட்டும் தீர்ப்பு சொல்லாது.

பெரிய குறை ‘பிறர்’ என்ற ஒரே பெட்டிதான். கூட்டாளியும் எதிரியும் அதற்குள்ளேயே விழுகிறார்கள். யாரை ‘நம்மவர்’ என்று நினைக்கிறார்கள் என்பதையே கேள்வியாக்கும் கட்டுமானவாதத்துக்கு இது பெரும் இடைஞ்சல். கூட்டணி மாநாட்டில் நண்பர்களைப் புகழ்ந்து பேசியவரின் உலகப் பார்வை சும்மாவே உயர்ந்து நிற்கும். பிறரை நட்பு, பகை, நடுநிலை என்று கையால் குறித்து, மூன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவதே வழி. வேலை இரட்டிப்பாகும், ஆனாலும் செய்யத்தான் வேண்டும். உள்நாட்டுக்காரர்களும் ‘பிறர்’ பெட்டியில் கலந்துவிடாமல் இருக்க, உள்நாட்டு வரி, பள்ளிக்கூடம் பற்றிய பத்திகளை முன்கூட்டியே வெட்டிவிடுங்கள்.

எழுதிவைத்துப் படித்த உரையில் உரை எழுதுபவரின் கையும் கலந்திருக்கும். பேட்டிகள், செய்தியாளர் கேள்வி-பதில்களைத் தனிக் கோப்பாக வைத்து, இரண்டின் மதிப்பெண்களையும் ஒப்பிடுங்கள். மொழிபெயர்ப்பைக் கொண்டு அளந்தால், எல்லா உரைகளுக்கும் ஒரே இடத்தில் செய்யப்பட்ட மொழிபெயர்ப்பையே பயன்படுத்துங்கள். ‘கண்டித்தார்’ என்பதை ஒருவர் ‘கவலை தெரிவித்தார்’ என்று பெயர்த்தாலே படி மாறிவிடுகிறது.