நைட்ரிக் அமிலத்துக்கு வாங்கிய இரண்டு கலன்கள்

யாங்கூனில், பெரியவர்கள் இன்றும் முகல் தெரு என்றே சொல்லும் ஷ்வே பொந்தா தெருவுக்குப் பக்கத்தில் நகைப் பட்டறை நடத்தும் எனக்கு, தங்கத்தைச் சுத்திகரிக்க 68 விழுக்காட்டு நைட்ரிக் அமிலம் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். அதற்காக வாங்கிய இரண்டு கலன்களைப் பத்து மாதம் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன்.

முதலாவது, எந்தத் திராவகத்தையும் தாங்கும் என்று கடைக்காரர் உறுதி சொல்லி விற்ற 5 லிட்டர் எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்) கேன். இதே வகைக் கேனில் எங்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பல ஆண்டுகளாக ஒரு குறையுமின்றி இருக்கிறது. ஆனால் அடர் நைட்ரிக் அமிலம் வலிய ஆக்சிஜனேற்றி. அது பாலிஎத்திலீனின் மூலக்கூற்றுச் சங்கிலிகளையே மெல்ல அறுக்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக அறுக்கும். நான்காம் மாதம் கேனின் கழுத்து மஞ்சளித்தது. கையுறை விரலால் அழுத்தியபோது மூடி திருகும் மரையின் ஓரம் காய்ந்த ரொட்டிபோல உதிர்ந்தது. காலி செய்து கழுவிக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் கடிகார முகம்போல அச்சிட்ட வட்டம், கேன் வார்க்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனதைக் காட்டியது. 55 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நைட்ரிக் அமிலத்தை அனுப்பும் பிளாஸ்டிக் கேனுக்கு, தயாரித்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் மட்டுமே என்று ஐ.நா.வின் ஆபத்தான சரக்கு விதிகள் வரம்பு வைத்துள்ளன. காலாவதியான கேனை விற்றது என்னால் மன்னிக்க முடியாத செயல்.

இரண்டாவது, 1 லிட்டர் பழுப்பு நிறப் போரோசிலிக்கேட் கண்ணாடிப் புட்டி. வெளிச்சம் பட்டால் நைட்ரிக் அமிலம் சிதைந்து செம்பழுப்புப் புகையை உண்டாக்கும் என்பதால் பழுப்பு நிறம் அவசியம். கண்ணாடி இன்றும் வாங்கிய அன்றுபோலத் தெளிவாக உள்ளது. அதோடு வந்த நீல மூடிதான் குறை: அது பாலிபுரொப்பிலீன் என்னும் இன்னொரு பிளாஸ்டிக், அடர் நைட்ரிக்கை அதுவும் தாங்காது. உள்ளே டெஃப்லான் பூசிய அடைப்புள்ள மூடியைத் தனியாக வாங்கிப் போட்டேன். புட்டியைவிட மூடிக்குத்தான் அதிகம் தேட வேண்டியிருந்தது. இந்தப் புட்டியில் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றாதீர்கள், அது கண்ணாடியை அரிக்கும், அதற்கு எச்.டி.பி.இ.யே சரி. மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக்கும் ஒரு பங்கு நைட்ரிக்கும் சேர்ந்த, தங்கத்தைக் கரைக்கும் இராஜ திராவகத்தை எந்தக் கலனிலும் மூடி வைக்கக் கூடாது, வாயு அழுத்தம் ஏறிக் கலன் வெடிக்கும். வேலைக்குத் தேவையான அளவை மட்டும், புகை வெளியேறும் இடத்தில், திறந்த பீக்கரில் கலக்கிறோம்.

கீழே விழுந்தால் உடையும் என்பதே புட்டியில் நான் காணும் ஒரே பயம். ஆகவே அது தரைமட்ட அலமாரியில், முழுப் புட்டியும் உடைந்தாலும் அமிலம் தேங்கி நிற்கும் ஆழமுள்ள பீங்கான் தொட்டிக்குள் நிற்கிறது.