ரைசன் 5 5600ஜி தரும் கிராபிக்ஸும் ஜிடிஎக்ஸ் 1650 கார்டும்

கடைகளில் இன்றும் "மதர்போர்டு கிராபிக்ஸ்" என்றே கேட்கிறார்கள். இன்டெல் 945ஜி காலத்தில் அது உண்மையில் மதர்போர்டின் சிப்செட்டுக்குள்தான் இருந்தது. 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் என்னும் இன்டெல் தலைமுறையிலிருந்து அது பிராசசரின் சில்லுக்குள்ளேயே குடியேறிவிட்டது. மதர்போர்டில் இப்போது எஞ்சியிருப்பது மானிட்டரைச் செருகும் இடம் மட்டுமே.

ஏஎம்டியின் 5600ஜி பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் 448 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) உள்ளன, என்விடியாவின் தனி கிராபிக்ஸ் கார்டான 1650இல் 896. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் வடிவமைப்புகள் என்பதால் இந்த எண்களை அப்படியே வகுத்துப் பார்ப்பது சரியாகாது. விளையாட்டில் உணரப்படும் வேறுபாடு பெரும்பாலும் நினைவகத்திலிருந்தே வருகிறது. ஜிடிடிஆர்5 என்னும் நினைவக வகை கொண்ட 1650 கார்டு தனக்கே உரிய 4 ஜிபி நினைவகத்திலிருந்து விநாடிக்கு 128 ஜிபி தரவை எடுக்கும். 5600ஜியோ, டிடிஆர்4-3200 ரேம் இரண்டு ஸ்டிக்குகளாக இருந்தாலும் அதிகபட்சம் 51.2 ஜிபிதான் பெறும், அதையும் பிராசசரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரே ஸ்டிக் என்றால் அது 25.6 ஆகச் சுருங்கிவிடும். என் தம்பியின் கணினியில் 16 ஜிபி ஸ்டிக் ஒன்று மட்டும் இருந்தது; பலர் ஒரே இடத்தில் மோதும் காட்சிகளில் படம் விக்கி விக்கி நகர்ந்தது. அதற்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளைப் போட்ட அன்றே அந்த விக்கல் பெரிதும் அடங்கியது. கார்டு வாங்காமல் 5600ஜியை மட்டும் எடுப்பவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்.

வாலரண்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளை 5600ஜி குறைந்த அமைப்புகளில் 1080பியிலேயே (1920×1080 பிக்சல்கள்) நன்றாக ஓட்டும். அதற்கென்று தனிக் கார்டு தேவையில்லை. சைபர்பங்க் 2077 போன்ற கனமானவற்றில்தான் அது திணறி 720பிக்கு (1280×720) இறங்க வேண்டியிருக்கிறது. 720பியைவிட 1080பியில் 2.25 மடங்கு பிக்சல்கள் இருப்பதால், அதே விளையாட்டை 1080பியில் ஓட்ட முயலும் 1650 எவ்வளவு முன்னே நிற்கிறது என்பது புரியும். ஆனால் 1650க்கும் ஒரு குறை உண்டு: புதிய விளையாட்டுகளின் டெக்ஸ்சர்களுக்கு (பொருள்களின் மேற்பரப்புப் படங்களுக்கு) 4 ஜிபி போதவில்லை.

மின்சாரத்தில் அச்சம் வேண்டாம். 1650இன் தேவை 75 வாட்தான். தனி மின்கேபிள் கேட்காத மாடல்கள் பல உண்டு என்பதால் பெரும்பாலும் கணினிக்கு மின்சாரம் தரும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸே போதும்.

இன்று 5600ஜி, பின்னர் கார்டு என்று திட்டமிடுவதும் நல்ல வழிதான். ஆனால் கார்டைப் பிராசசரோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் 5600ஜி தருவது பழைய 3.0 தலைமுறை மட்டுமே; தரவு செல்ல நான்கு தடங்களே கொண்ட ஆர்எக்ஸ் 6400 போன்ற கார்டு அதில் தன் வேகத்தில் ஒரு பகுதியை இழக்கும், 16 தடங்கள் கொண்ட 1650க்கு அந்த இழப்பு இல்லை. கார்டைப் பொருத்திய பின் மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் செருக மறக்காதீர்கள்.