நேரத்தை ஒரு கடிகாரத்திடம் கேட்பதா, பலவற்றிடம் கேட்பதா?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகுக்காரர்கள் வலை விட்ட இடத்தையும் எல்லைக்கோட்டையும் ஜிபிஎஸ்ஸில்தான் பார்க்கிறார்கள். அந்தக் கருவி இடத்தைக் கண்டுபிடிப்பதே நேரத்தை வைத்துத்தான். ஒளி ஒரு நானோ வினாடியில் (வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) 30 செ.மீ. போகும். ஒரு செயற்கைக்கோளின் கடிகாரத் திருத்தம் 100 நானோ வினாடி பிசகினால், அதற்கான தூரக் கணக்கில் 30 மீட்டர் பிசகும். சரி, எதை வைத்துத் திருத்துவது?

இருப்பதிலேயே நல்ல அணுக் கடிகாரம் ஒன்றைத் தலைமையாக வைத்துக்கொள்வது முதல் வழி. கணக்கே வேண்டாம். ஆனால் எல்லா வகையிலும் நல்ல கடிகாரம் என்று ஒன்று கிடையாது. ஹைட்ரஜன் மேசர் என்ற வகை அணுக் கடிகாரம் நாள் கணக்கில் அசையாது, மாதக் கணக்கில் மெல்ல நகர்ந்துவிடும். சீசியம் அணுக் கடிகாரம் நேர்மாறு. அப்புறம், அந்தத் தலைமைக் கடிகாரம் நின்றால் எல்லாம் நின்றுவிடும். ஜிபிஎஸ் போல இடம் காட்டும் நமது நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோளில் மூன்று ரூபிடியம் கடிகாரங்கள் இருந்தும் மூன்றும் பழுதாகி, இடம் காட்டும் வேலைக்கே அது உதவாமல் போனது.

இரண்டாவது, சாதாரணச் சராசரி. ஒரே தரத்தில் 9 கடிகாரங்கள் தனித்தனியே தடுமாறினால், சராசரியின் தடுமாற்றம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்று கடிகாரங்கள் 10, 20, 60 நானோ வினாடி முந்தி ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 30. மூன்றாவதைப் பழுது பார்க்கக் கழற்றினால் சராசரி சட்டென்று 15 ஆகிவிடும். மற்ற இரண்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க, நேரம் மட்டும் குதிக்கிறது. இதை நான் ஏற்கவே மாட்டேன்.

மூன்றாவது, எடையிட்ட சராசரி: நம்பகமான கடிகாரத்துக்குச் சராசரியில் கூடுதல் பங்கு, அதாவது எடை. கடிகாரம் காட்டுவதை அப்படியே சேர்க்காமல், அது எவ்வளவு ஓடும் என்று முன்கூட்டிக் கணித்து, அந்தக் கணிப்பிலிருந்து விலகியதை மட்டும் சராசரி எடுக்கிறார்கள். அதனால் ஒன்று போனாலும் வந்தாலும் குதிப்பு இல்லை. பாரிஸ் அருகே செவ்ரில் உள்ள பன்னாட்டு எடை அளவைச் செயலகம் உலகெங்கும் உள்ள 400க்கும் மேற்பட்ட கடிகாரங்களை இப்படித்தான் சேர்க்கிறது. டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகமும் அதில் உண்டு. 2014 முதல், கணிப்புக்கு எவ்வளவு கட்டுப்படுகிறதோ அவ்வளவு எடை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எடை கூடிய கடிகாரம் சராசரியைத் தன் பக்கம் இழுக்கும். இழுத்தபின் சராசரியிலிருந்து அது குறைவாகவே விலகியதாகத் தெரியும், உடனே எடை இன்னும் கூடும். அதனால்தான் எடைக்கு உச்சவரம்பு வைக்கிறார்கள். இந்த முறையின் உயிரே அந்த உச்சவரம்பு என்பேன். குறை, விடை தாமதமாக வருவது: அதிகாரபூர்வக் கணக்கு மாதம் ஒருமுறைதான்.

நடுக்கடலில் இருப்பவருக்கு அது உதவாது. அங்கே நான்காவது வழியான கால்மன் வடிகட்டி என்ற கணக்கு முறைதான். புதிய அளவீடு வர வர ஒவ்வொரு கடிகாரத்தின் நிலையையும் அது திருத்திக்கொண்டே போகும். 1990 முதல் ஜிபிஎஸ் நேரம் என்பதே, செயற்கைக்கோள்களிலும் தரைநிலையங்களிலும் உள்ள கடிகாரங்களை இப்படிச் சேர்த்த கூட்டுக் கடிகாரம்தான். ஆனால் ஒவ்வொரு கடிகாரத்தின் தடுமாற்றத்தையும் முன்பே சரியாக மதிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். அதில் தவறினால் விடையும் தவறும்.

எல்லாக் கடிகாரங்களும் ஒரே பக்கம் நகர்ந்தால் எந்தச் சராசரியும் கண்டுபிடிக்காது. சீசியத்தின் 9,19,26,31,770 அதிர்வுகளே ஒரு வினாடி என்ற வரையறையோடு ஒப்பிட, முதன்மைச் சீசியக் கடிகாரங்கள் சராசரிக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

நம் கரையில் 5 கடிகாரங்களோடு ஒரு நேர நிலையம் அமைத்தால் எடையிட்ட சராசரியைத்தான் கேட்பேன். செவ்ரின் உச்சவரம்பு 4/N (N என்பது கடிகாரங்களின் எண்ணிக்கை). 5 கடிகாரத்துக்கு அது 80 சதவீதம், வரம்பே இல்லாத மாதிரி. 30 சதவீதத்தில் நிறுத்த வேண்டும். உப்புக்காற்றும் வெயிலும் மின்வெட்டும் ஐந்தையும் ஒன்றாகத் தாக்காதபடி, தனித்தனி அறை, தனித்தனி ஏசி, தனித்தனி பேட்டரி வேண்டும்.