துருக்கி மாதச் செய்தித் தொகுப்பு: காசு கொடுத்துப் படிக்கலாமா?

துருக்கி அரசியலை மாதத்துக்கு ஒரு தடவை சுருக்கித் தரும் ஒரு சந்தாச் சேவையை (பெயர் வேண்டாம்) கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். மாதம் முடிந்ததும் ஈமெயிலில் ஒரு பிடிஎஃப் வரும். உள்நாட்டு அரசியல், பொருளாதாரம், குர்துப் பிரச்சினை, ஊடகம் என்று தனித்தனிப் பகுதிகள் இருக்கும். இவர்கள் எப்படி என்று பார்க்க 2025 மார்ச் இதழைப் புரட்டினால் போதும். அந்த மாதத்தை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவர்கள் வேறு எந்த மாதத்தையும் சமாளித்துவிடுவார்கள்.

அப்போது இஸ்தான்புல் மேயராக இருந்த எக்ரெம் இமாமோலு விவகாரத்தை நாள் வரிசை பிசகாமல் சொல்கிறார்கள், அதில் குறையே இல்லை. மார்ச் 18 அன்று இஸ்தான்புல் பல்கலைக்கழகம் அவருடைய பட்டத்தை ரத்து செய்கிறது, மறுநாள் விடிகாலையில் போலீஸ் வீட்டுக்கு வருகிறது, 23-ஆம் தேதி நீதிமன்றம் ஊழல் வழக்கில் அவரைச் சிறைக்கு அனுப்புகிறது, அதே நாளில் அவருடைய கட்சியான சி.எச்.பி. (முக்கிய எதிர்க்கட்சி) அதிபர் வேட்பாளர் தேர்வுக்கு வாக்குப் பெட்டி வைத்து, உறுப்பினர் அல்லாதவர்களையும் வந்து வாக்களிக்கச் சொல்லி, சுமார் 1.5 கோடிப் பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறது. பட்டம் போனால் என்ன இப்போது என்று கேட்பவருக்கும் பதில் இருக்கிறது: துருக்கி அரசியல் சட்டத்தின் 101-ஆவது பிரிவுப்படி உயர்கல்வி முடிக்காதவர் அதிபர் ஆக முடியாது. 1990-இல் வடக்கு சைப்ரஸிலிருந்து மாற்றலாகி வந்து சேர்ந்தது செல்லாது என்று முப்பத்தைந்து வருடம் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதை எந்த நக்கலும் இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். நானாக இருந்தால் முடியாது.

சரி, பொருளாதாரப் பகுதிக்கு வந்தால் எரிச்சல்தான். டாலருக்கு எத்தனை லிரா என்று ஒரு கிராஃப் போட்டிருக்கிறார்கள். மாத ஆரம்பத்தில் ஒரு புள்ளி, மாத முடிவில் ஒரு புள்ளி, நடுவில் ஒரு கோடு. பார்த்தால் 36 சொச்சத்திலிருந்து 38-க்கு நோகாமல் நகர்ந்த மாதிரி இருக்கிறது. உண்மையில் கைது நடந்த 19-ஆம் தேதி லிரா 42 வரை சரிந்தது, பங்குச் சந்தையில் வர்த்தகத்தை நிறுத்தி வைத்தார்கள், மத்திய வங்கி டாலர்களை அள்ளி விற்றது, மறுநாளே ஒருநாள் கடன் வட்டியை 44-லிருந்து 46 சதவீதத்துக்கு ஏற்றியது. அந்த மாதத்தின் ஆகப் பெரிய பொருளாதாரச் செய்தி அந்த ஒரு நாளில் இருக்கிறது, அதைத்தான் இந்தக் கோடு மறைத்துவிட்டது. நாள்வாரியாகப் புள்ளி வைக்க என்ன கஷ்டம்?

இதைவிடப் பெரிய குறை, பகுதி பகுதியாகப் பிரித்ததால் வருவது. குர்துப் பகுதியில், பிப்ரவரி 27 அன்று குர்து ஆயுத அமைப்பான பி.கே.கே.வை அதன் நிறுவனர் ஓஜலான் சிறையிலிருந்தபடியே கலைத்துவிடச் சொன்னதும், மார்ச் 1 அன்று அந்த அமைப்பு போர்நிறுத்தம் அறிவித்ததும் இருக்கின்றன. அரசியல் பகுதியில் இமாமோலு மீது பயங்கரவாதப் புகாரும் உண்டு என்று ஒரு வரி வருகிறது. அந்தப் புகார் எதற்கு? 2024 உள்ளாட்சித் தேர்தலில் குர்து ஆதரவுக் கட்சியான டெம்-உடன் வைத்த உடன்பாட்டுக்காக. ஒரு பக்கம் டெம் கட்சிக்காரர்களே ஓஜலானைப் பார்த்துப் பேசிவர அரசு அனுமதி கொடுக்கிறது, இன்னொரு பக்கம் அதே கட்சியோடு கூட்டு வைத்தது குற்றம் என்கிறார்கள். இதை யாராவது ஒரே பத்தியில் எழுத வேண்டாமா?

அதன் விளைவையும் கோட்டை விட்டிருக்கிறார்கள். பயங்கரவாத வழக்கில் கைது இப்போதைக்குத் தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னதால்தான், இஸ்தான்புல் மாநகராட்சிக்கு கய்யூம் எனப்படும் அரசு நியமன நிர்வாகி வராமல், 26-ஆம் தேதி நகர மன்றமே கூடி சி.எச்.பி.யின் நூரி அஸ்லானைத் தற்காலிகமாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. இஸ்தான்புல்லுக்குள்ளேயே இருக்கும் ஷிஷ்லி பகுதி மேயருக்கு அதே பயங்கரவாத வழக்கில் சிறை, அங்கே உடனே கய்யூம் வந்து உட்கார்ந்துவிட்டார். ஒரே நகரம், ஒரே வாரம். இதழில் இரண்டும் வேறு வேறு பக்கம்.

ஊடகப் பகுதி ஒப்புக்கு இருக்கிறது. சமூக ஊடகங்களை மெதுவாக்கியது, சோஸ்ஜு டிவிக்கு 10 நாள் ஒளிபரப்புத் தடை, பிபிசி நிருபர் மார்க் லோவனை நாடு கடத்தியது எல்லாம் ஆளுக்கொரு வரி. போராட்டத்தில் பிகாச்சு (கார்ட்டூன் பாத்திரம்) உடை போட்டு ஓடியவருக்கு மட்டும் அரைப் பக்கப் படம். அப்புறம், அது ரமலான் மாதம் என்பதே எங்கும் இல்லை. பெருநாளுக்கு முந்தின நாள், 29-ஆம் தேதி, இஸ்தான்புல்லின் மால்டெபேயில் இமாமோலுவுக்காக அவ்வளவு பெரிய கூட்டம் கூடியது என்பதை அது தெரியாமல் எப்படிப் புரிந்துகொள்வது?

5-க்கு 3 கொடுக்கலாம். தினமும் துருக்கிச் செய்தி பார்ப்பவருக்கு இது வேண்டாம். எப்போதாவது பார்த்து, எது எப்போது நடந்தது என்று குழம்புபவருக்கு உதவும், ஆனால் ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள், மாதச் சந்தாவே போதும். சந்தாவை நிறுத்தும் பொத்தானை அமைப்புகளுக்குள் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள், கட்டுவதற்கு முன்னால் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.